கடல் மீனும் ஆகாய மார்க்கமும்

பனமலைக் குன்றின்மீது பல்லவன் ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலிலிருந்து நோக்குவோர்க்கு ஏரியும் வயல்களும் தெரியுமேயன்றிக் கடல் தெரியாது. எனினும் மரக்காணம் கடற்கரை அதே விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்ததே. அங்கு விடியற்காலையில் கரையேறும் மீனை அன்றிரவே விமானத்தில் ஏற்றிக் கொல்கத்தாவிலோ டில்லியிலோ நல்ல விலைக்கு விற்கலாம் என்னும் எண்ணம், கையில் சிறிது முதல் உள்ள நிலச்சுவான்தார்களுக்கு ஆசையூட்டத்தக்கதே. உள்நாட்டு விமானங்களில் மீனும் இறாலும் செல்வது இன்று புதுமையன்று. ஆயினும் இவ்வியாபாரத்தின் லாபநஷ்டம் ஆகாயத்தில் நிர்ணயமாவதில்லை. படகிற்கும் விமானத்திற்கும் இடைப்பட்ட தரையிலேயே நிர்ணயமாகின்றது.

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு விமானம் ஏறத்தாழ 2½ மணி நேரத்தில் சென்றுவிடும். ஆனால் மீன் மணலில் ஏலத்திற்குக் கிடக்கும் நேரம், மீனம்பாக்கம் வரையில் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத சாலைப் பிரயாணம், சரக்குக் கொட்டகையில் நிறுவை, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, இறங்கிய ஊரில் மறுபடியும் காத்திருப்பு ஆகிய யாவற்றையும் கூட்டினால் பறக்கும் நேரம் அற்பமாகிவிடும். பூஜ்ய டிகிரியில் வைத்த மீனைக் காட்டிலும் 10 டிகிரியில் வைத்த மீன் சுமார் நான்கு மடங்கு விரைவாகக் கெடும். சூரை, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் முதலியவை உஷ்ணத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு அவற்றில் ஊறும். அது சமைத்தாலும் நீங்குவதில்லை. ஆகையால் கரையில் இழந்த ஒரு மணி நேரத்தை எந்த விமானமும் மீட்டுத் தராது.

பனிக்கட்டியின் கணக்கை விவசாயிகள் எளிதில் அறியலாம். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு 80 கிலோ கலோரி உஷ்ணத்தை உட்கொள்ளும். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ மீனைப் பூஜ்யத்திற்குக் கொண்டுவர ஏறத்தாழ 25 கிலோ கலோரியை நீக்கவேண்டும். ஆகவே மீனின் எடையில் மூன்றிலொரு பங்கு பனிக்கட்டி குளிர்விப்பதற்கே செலவாகும். அக்குளிரை நிலைநிறுத்துவதற்கு மேலும் வேண்டும். உஷ்ணப் பிரதேசங்களில் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கிடுவது இக்காரணத்தாலேயே. மேலே இரண்டு கைப்பிடி தூவிச் சாக்கால் மூடுவது கண்துடைப்பு.

விமானத்தில் இவ்வழக்கம் மாறுகின்றது. உருகிய பனியும் மீனின் உப்புநீரும் கசிந்தால் விமானத்தின் உலோகத் தளத்தை அரிக்கும். ஆதலால் கசியாத பையிட்ட தெர்மாகோல் பெட்டியையும் ஜெல் பைகளையுமே கம்பெனிகள் விரும்புகின்றன. ஜெல் பை குளிர்ந்த மீனைக் காக்குமேயன்றிச் சூடான மீனைக் குளிர்விக்கப் போதாது. கரையிலேயே பனிக்கட்டியில் நன்கு குளிர்வித்து, நீரை வடித்து, அதன் பின்னரே பெட்டியில் அடுக்கவேண்டும். பெரும்பாலான நஷ்டம் இம்முறை பிறழ்வதாலேயே நேர்கின்றது என்று கருத இடமுண்டு. மேலும் விமானக் கூலி எடையைக் கொண்டோ பெட்டியின் கன அளவைக் கொண்டோ, எது மிகுதியோ அதன்படி விதிக்கப்படுகிறது. மீனுக்கு மட்டுமின்றிப் பெட்டிக்கும் ஜெல் பைக்கும் சேர்த்தே கூலி கொடுத்தாகவேண்டும்.

எனவே எல்லா மீனும் பறக்கத் தகுந்ததன்று. மத்திக்கும் நெத்திலிக்கும் லாரியே போதும். உயிருள்ள சேற்று நண்டு பறக்கத் தகும். செவுள் ஈரமாயிருந்தால் அது நீரின்றியும் நெடுநேரம் உயிர்வாழும், கால்களைக் கட்டி அனுப்பலாம், பனிக்கட்டி வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு அவ்வாறே செல்கின்றது. மரக்காணப் பகுதியின் பொரிப்பகங்களில் உற்பத்தியாகும் இறால் குஞ்சும் இவ்வகையினதே. கடல்நீரும் பிராணவாயுவும் அடைத்த பைகளில் குளிர்ச்சியாக அனுப்பப்படும் அக்குஞ்சுக்கு எடை சொற்பம், விலை அதிகம்.

கொடுவாயைப் பற்றித் தனியே கூறவேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் இதனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு எடுத்தது. வங்காளிகள் பேட்கி என்று விரும்பி உண்பது இம்மீனையே. குளத்தில் வளர்ப்பதால், வேண்டிய நாளில் பிடித்து, பிடித்த கணமே பனிக்கட்டியில் இடலாம். கடல் மீனுக்கு இல்லாத சௌகரியம் இது. நன்னீரிலும் வளரும். ஆயினும் பனமலை ஏரி போன்ற பொது ஏரிகளில் எவரும் இதனை விட்டுவிடலாகாது. கெண்டையையும் கட்லாவையும் தின்று ஏரிக் குத்தகையையே பாழாக்கிவிடும்.

அருகில் விமான நிலையம் வேண்டுமென்று கேட்போர் உண்டு. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் சேவை மீண்டும் தொடங்கியது. ஆனால் அவை சிறிய விமானங்கள், சரக்குக்கு இடம் குறைவு. 2020-இல் தொடங்கிய கிருஷி உடான் திட்டத்தின் கட்டணச் சலுகைகளும் முதன்மையாக வடகிழக்கு, மலை, பழங்குடிப் பகுதிகளின் விமான நிலையங்களைக் கருதியவை. இவற்றை நம்பியிருப்பதினும், கரையோரத்தில் நல்ல நீரில் செய்த பனிக்கட்டியும், திண்டிவனம் மார்க்கத்தில் ஒரு குளிர் அறையும் கேட்பது விவேகம். சென்னை ஐஸ் ஹவுஸில் 1842 முதல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தனர். உள்ளூரிலேயே அதனைச் செய்யக்கூடிய இக்காலத்தில் மீன் வெயிலில் கிடப்பதற்கு நியாயமில்லை. அத்தகைய ஆலைக்கு நிலம், மின்சாரம், நீர்ப் பரிசோதனை ஆகியவை தாமதமின்றிக் கிடைக்கச் செய்வதில் ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அதிகாரிகளும் பெரிதும் உதவலாம்.

பருவமும் கவனிக்கத்தக்கது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது உள்ளூரிலேயே விலை ஏறிநிற்குமாதலால் வெளியூருக்கு அனுப்பவேண்டிய அவசியமில்லை. புரட்டாசியில் இங்கு பலர் புலால் நீக்குவதால் மீன் விலை சரியும்; அம்மாதத்திலோ ஐப்பசியிலோ கொல்கத்தாவில் துர்க்கை பூஜை வரும், அங்கு மீனுக்குத் தேவை மிகும். முதன்முதல் அனுப்பக் கருதுவோர் ஆவணியிலேயே பத்துப் பெட்டிகளை மட்டும் அனுப்பி, சேருமிடத்தில் மீனின் நடுவே உஷ்ணமானியைச் செருகிப் பார்க்கச் செய்து, அந்த எண்ணைக் கேட்டறிந்த பின்னரே மேலும் முதல் போடுவது உசிதம்.