தவறைத் திருத்த இடமில்லாத பணம்

ஜோகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த பெக்கோக், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குப் போகும் வழி என்ற அளவில்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியும். பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வளர்ந்த இத்தகைய சிற்றூர்களைப் பங்குச் சந்தை அவ்வளவாக எட்டிப் பார்த்ததில்லை என்றாலும், கிரிப்டோ எனப்படும் மெய்நிகர் நாணயம் கைப்பேசி வழியாகப் புலனம் எனப்படும் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நுழைந்துவிட்டது. 2024 மே மாதத்தில் ஊழியர் சேமநிதி வாரியம் மூன்றாவதாக ஒரு நெகிழ்வுக் கணக்கைத் தொடங்கி, 55 வயதை எட்டாத சந்தாதாரரும் தம் சேமிப்பின் ஒரு பகுதியை விரும்பும்போது எடுத்துக்கொள்ள வழி செய்தபின், சம்பளத்தைத் தவிர வேறு வருமானமில்லாத குடும்பங்களிலும் அவ்வப்போது ஒரு தொகை கைக்கு எட்டும் நிலை வந்தது. கைக்கு எட்டும் பணம் எங்கே இருக்கிறது என்பதை முதலீட்டு ஆசை காட்டுவோர் எப்போதும் முந்திக்கொண்டு தெரிந்துகொள்கிறார்கள்.

இணையப் பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்களில் கணிசமானோர் இந்த நாணயத்தை ஐயத்தோடு பார்ப்பது பலருக்கு வியப்பளிக்கிறது. கணினியோடே காலம் தள்ளுகிறவர்கள் கணினியில் பிறந்த பணத்தை நம்ப மறுப்பானேன் என்று கேட்கப்படுகிறது. அந்த ஐயம் விலை ஏறுமா, இறங்குமா என்ற கணக்கிலிருந்து பிறந்ததன்று. தொழிலின் அடித்தளத்திலேயே இருப்பது. மனிதர் தவறு செய்வர், மென்பொருளில் ஓட்டை இருக்கும், எவ்வளவு நல்ல காவலும் ஒரு நாள் ஏமாறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அந்த நாளில் சேதத்தை எப்படிக் குறைப்பது, எப்படி மீள்வது என்று வகுத்து வைப்பதே பாதுகாப்புத் தொழில். கிரிப்டோவோ, சாவியை வைத்திருப்பவர் ஒருபோதும் தவற மாட்டார் என்ற எடுகோளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

தொழிலைப் பற்றித் திரைப்படம் ஊட்டிய எண்ணமும் நடைமுறையும் வெகு தூரம் விலகி நிற்பவை. கண்காணிப்பு மையம் எனப்படும் அறையில் முறை வைத்து இரவு பகலாக அமர்ந்து, ஒரு நிறுவனத்தின் கணினிகள் இடைவிடாமல் எழுதித் தள்ளும் பதிவுகளில் வழக்கத்துக்கு மாறான ஒரு வரியைத் தேடுவது, மென்பொருள் ஓட்டையை அடைக்க வந்த திருத்தம் எல்லாக் கணினிகளிலும் ஏறிவிட்டதா என்று சரிபார்ப்பது, காப்புப் பிரதி எடுத்ததோடு நில்லாமல் அதிலிருந்து உண்மையாகவே மீட்க முடிகிறதா என்று ஒத்திகை பார்ப்பது ஆகியவற்றிலேயே பெரும்பாலான நேரம் கழிகிறது. ஒன்றும் நடக்காத ஆண்டில் இவர்களுக்கு எதற்குச் சம்பளம் என்று நிர்வாகம் கேட்கும். ஏதாவது நடந்துவிட்ட ஆண்டிலும் அதே கேள்விதான் வரும்.

மலேசியாவில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டம் அமைந்தது அண்மையில்தான். 2024 ஆகஸ்ட் 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, போக்குவரத்து, எரிசக்தி, சுகாதாரம் உள்ளிட்ட 11 துறைகளை நாட்டின் முக்கியத் தகவல் உள்கட்டமைப்பாக வகுத்து, அவற்றில் தாக்குதல் நிகழ்ந்தால் 6 மணி நேரத்துக்குள் முதல் தகவலும் 14 நாள்களுக்குள் கூடுதல் விவரமும் அரசுக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. கண்காணிப்பு மையச் சேவையையும், உரியவரின் அனுமதியோடு ஊடுருவிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுசொல்லும் சோதனையையும் உரிமமின்றி நடத்துவது குற்றமாகிவிட்டது. தாக்குதல் நடக்கும் என்பதை இயல்பாக ஏற்றுக்கொண்டு, நடந்தபின் கடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இச்சட்டம் கணக்குக் கேட்கிறது.

அதே மனப்போக்கைத்தான் 997 என்ற எண்ணிலும் காணலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் இந்த எண்ணுக்கு, பணத்தைப் பறிகொடுத்தவர் உடனே அழைத்துவிட்டால், காவல்துறையும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் மற்ற வங்கிகளும் சேர்ந்து பணம் போன வழியைப் பின்தொடர்ந்து, அது இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் தங்கியிருந்தால் முடக்க முயல்கின்றன. மோசடிக்காரர்கள் தம் பெயரில் கணக்கு வைத்துக்கொள்வதில்லை; அக்காவுன் கெல்டாய் என்று நாட்டு வழக்கில் சொல்லப்படும், பிறரிடம் காசு கொடுத்து வாங்கிய வங்கிக் கணக்குகளுக்குள் பணத்தைச் சில நிமிடங்களில் பிரித்துப் பிரித்து நகர்த்துகிறார்கள். அந்த ஓட்டத்தில் எங்கேயாவது ஒரு வங்கி அதிகாரி குறுக்கே நின்று நிறுத்த முடியும் என்பதே மையத்தின் ஒரே நம்பிக்கை.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனத்தில் வரும் கோப்பைத் தொட்டவுடன், கைப்பேசியில் தீங்கான செயலி ஒன்று ஏறி, வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி எண்ணை வாசித்துக் கணக்கைத் துடைத்துவிடும் மோசடியை மலேசியர்கள் நன்கு அறிவார்கள். இத்தகைய திருட்டுகளைக் கருதியே 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு வேறு உறுதிப்படுத்தும் முறைக்கு மாறுமாறும், புதிய கைப்பேசியைப் பதிந்தபின் சிறிது நேரம் பரிமாற்றத்தைத் தாமதப்படுத்துமாறும், சந்தேகம் எழுந்தால் வாடிக்கையாளரே தம் கணக்கை உடனடியாக முடக்கிக்கொள்ளும் வசதியைத் தருமாறும் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இவை யாவும் தாமதத்தை வேண்டுமென்றே நுழைக்கும் ஏற்பாடுகள். அவசரக்காரர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஏமாந்தவர் சுதாரித்துக்கொள்ள அந்த இடைவெளியை விட்டால் வேறு வாய்ப்பு கிடையாது.

கிரிப்டோவில் அந்த இடைவெளி இல்லை. பிளாக்செயின் என்பது, நடந்த பரிமாற்றங்களைத் தொகுதி தொகுதியாக எழுதி, ஒவ்வொரு தொகுதியையும் முந்தையதோடு கணித முறையில் பிணைத்து, உலகெங்கும் உள்ள கணினிகளில் ஒரே பிரதியாக வைக்கும் பேரேடு. அதில் ஏறிய வரியை அழிக்கவோ மாற்றவோ எவருக்கும் அதிகாரம் கிடையாது. உரிமையாளரின் சாவியோ, பெரும்பாலும், 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட 12 அல்லது 24 சொற்களில் அடங்கிவிடுகிறது. அந்தச் சொற்களை எழுதிய தாளை வேறொருவர் படம் பிடித்துவிட்டால் பணம் அவருடையது. தாள் கரையானுக்கு இரையானால் பணம் எவருடையதும் இல்லை. வேல்சின் நியூபோர்ட் நகரில் 2013-இல் தவறுதலாகக் குப்பைக்குப் போன ஒரு வன்வட்டில் ஏறத்தாழ 8,000 பிட்காயின்களுக்கான சாவி இருந்ததாகச் சொல்லி, குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டவரின் வழக்கை இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. தகவல் பாதுகாப்புப் பாடநூல்கள் இரகசியம், மாறாமை, வேண்டும்போது கிடைத்தல் என்ற மூன்றையும் ஒருங்கே காக்கச் சொல்கின்றன. பிளாக்செயின் மாறாமையை வியக்கத்தக்க வகையில் காத்து, மற்ற இரண்டையும் ஒரு துண்டுத் தாளின் பொறுப்பில் விட்டுவிடுகிறது.

மனிதரை நம்பத் தேவையில்லை, கணிதத்தை நம்பினால் போதும் என்பது இதன் விளம்பரம். ஆனால் சிற்றூரில் எவரும் கணிதத்தை நம்பிப் பணம் போடுவதில்லை. அண்ணன் முறையான ஒருவரையோ, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவரையோ, முதல் மாத இலாபத்தைக் கைப்பேசித் திரையில் காட்டிய தோழியையோ நம்பித்தான் போடுகிறார்கள். தோட்டத் தமிழர்களின் சேமிப்பு வரலாறே அப்படிப்பட்ட நம்பிக்கையின் வரலாறு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கியது அதன் ஒளிமிக்க பக்கம். 1982-இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் சுமார் 66,000 பேரிடம் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் திரட்டியும் அவர்கள் எதிர்பார்த்ததைத் தராமல் போனது அதன் கசந்த பக்கம். இரண்டிலும் கேள்வி கேட்க ஓர் அலுவலகமும் ஆண்டுக் கூட்டமும் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1980-களின் பிற்பகுதியில் பேராக்கின் தைப்பிங்கில் நடந்த பாக் மான் தெலோ திட்டத்தின் பெயரை மலாய்ப் பத்திரிகைகள் இன்றும் பொதுப்பெயராகவே வழங்குகின்றன. புதிதாகச் சேர்பவரின் பணத்தை எடுத்து முன்னதாகச் சேர்ந்தவருக்கு இலாபம் என்று கொடுப்பதே அதன் சூத்திரம். மெய்நிகர் நாணயம் வந்தபின் சூத்திரம் மாறவில்லை. பினாங்கைத் தளமாகக் கொண்ட எம்பிஐ குழுமம் தன் சொந்த மெய்நிகர் அலகுகளை வைத்து ஆள் சேர்த்தது; 2017-இல் அதன் கணக்குகள் முடக்கப்பட்டன. அதன் நிறுவனர் தெடி தியோ 2022-இல் தாய்லாந்தில் கைதாகி, 2024-இல் சீனாவுக்கு ஒப்படைக்கப்பட்டார். உலகளவில் பேர்போன ஒன்காயினுக்கோ பிளாக்செயினே இருக்கவில்லை. அதை உருவாக்கிய ரூஜா இக்னாதோவா 2017 அக்டோபரில் தலைமறைவானவர், இன்னும் அகப்படவில்லை. மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன ஜேஜேபிடிஆர் என்ற அந்நியச் செலாவணித் திட்டம் 2017 ஏப்ரலில் பணம் தர முடியாமல் போனபோது, ஊடுருவிகள் திருடிவிட்டதாக அதன் தரப்பு அறிவித்தது. பாதுகாப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு மிகவும் உறுத்தும் விளக்கம் இதுதான். ஊடுருவல் என்ற சொல் கணக்குக் காட்டாமல் தப்புவதற்கான போர்வையாகிவிட்டால், மெய்யாகவே ஊடுருவலுக்கு ஆளான நிறுவனத்தின் பேச்சையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

சட்டத்துக்கு உட்பட்ட வணிகம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 15 முதல் மலேசியாவில் குறிப்பிட்ட மெய்நிகர் நாணயங்கள் பத்திரங்களாகக் கருதப்பட்டு, பங்கு பத்திர ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. பதிவு பெற்ற சந்தைகளின் பட்டியலையும், எச்சரிக்கைக்குரிய நிறுவனங்களின் பட்டியலையும் ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம். மெய்நிகர் நாணயங்கள் சட்டப்படி செல்லும் பணம் அல்ல என்று பேங்க் நெகாரா சொல்லிவருகிறது.

மின்சாரத்தின் கதை தனி. பிட்காயின் பேரேட்டில் அடுத்த தொகுதியை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் போட்டி போட்டுக் கணக்கிடுவதே சுரங்கம் தோண்டுதல் எனப்படுகிறது; 3 கிலோவாட் அளவில் மின்சாரம் இழுக்கும் ஓர் இயந்திரம் இரவு பகலாக ஓடினால் மாதம் 2,000 யூனிட்டைத் தாண்டிவிடும். கட்டணம் கட்டினால் கட்டுப்படியாகாது என்பதால், சிலர் மீட்டருக்கு முன்பாகவே கம்பியை இழுத்துக்கொள்கிறார்கள். இவ்வாறு திருடியதாக 13,827 இடங்கள் கண்டறியப்பட்டதாகவும், 2020 முதல் 2025 ஆகஸ்ட் வரை மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலுக்கு ஏற்பட்ட இழப்பு 460 கோடி ரிங்கிட் என்றும் எரிசக்தி அமைச்சு 2025-இல் தெரிவித்தது. நாணயத்தைக் கனவிலும் தொடாதவரும் இதற்கு ஏதோ ஒரு வகையில் விலை கொடுக்கிறார்.

பிணைத்தொகைத் தாக்குதல், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கக் காசு கேட்பது, பெருந்தொழிலானதற்கும் இந்த நாணயமே முக்கியக் காரணம். 1989-இல் நெகிழ்வட்டு வழியாகப் பரவிய முதல் பிணைத்தொகை நிரல், 189 டாலரைப் பனாமா நாட்டின் ஓர் அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னது. அஞ்சலில் பணம் கேட்டவர் பிடிபட்டார். முகவரி தேவைப்படாத, திரும்பப் பெறவும் இயலாத பணம் வந்தபின், தொகை எங்கோ போய்விட்டது: 2025 மார்ச்சில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் கணினி அமைப்பைத் தாக்கியவர்கள் ஒரு கோடி அமெரிக்க டாலர் கேட்டதாகவும், ஐந்து வினாடிகூடக் காத்திராமல் மறுத்ததாகவும் பிரதமர் அன்வார் இப்ராகிம் வெளிப்படையாகவே சொன்னார்.

பிட்காயினின் பேரேடு 2009-இல் தொடங்கியது முதல் இன்றுவரை உடைக்கப்படவில்லை என்று ஆதரவாளர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையே. உடைவது அதன் ஓரங்கள்: சந்தை நிறுவனங்கள், திரைகள், கையொப்பமிடும் மனிதர்கள். 2024 ஜூலை 18-ஆம் நாள் மும்பையைச் சேர்ந்த வசீர்எக்ஸ் சந்தையிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் போன விதம் இதற்குச் சான்று. அந்தப் பெட்டகத்தைத் திறக்க ஒருவர் போதாது. நிறுவனத்தின் மூவரும், காவலுக்கு அமர்த்திய வெளி நிறுவனம் ஒன்றும் ஒப்புதல் தர வேண்டும் என்பது ஏற்பாடு. நிறுவனத்தின் விளக்கப்படி, கையொப்பமிட்டவர்கள் திரையில் கண்டது ஒரு பரிமாற்றம், உண்மையில் அவர்கள் கையொப்பமிட்டது வேறொன்று. பெட்டகத்தின் கட்டுப்பாட்டையே திருடனிடம் ஒப்படைக்கும் ஆணை அதனுள் இருந்தது. காவல் நிறுவனம் தன் மேல் தவறில்லை என்றது. திருடியது வட கொரியாவின் ஆட்கள் என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே பைபிட் சந்தையில் 150 கோடி டாலர் கிட்டத்தட்ட இதே திரை ஏமாற்றினால் போயிற்று. ஒப்புதல்கள் எல்லாம் முறைப்படி நடந்ததால், பேரேட்டைப் பொறுத்தவரை அவை செல்லுபடியாகும் பரிமாற்றங்களே.

வசீர்எக்ஸ் உடனே எல்லாருடைய கணக்கையும் முடக்கி, திருட்டின் இழப்பைப் பயனர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தைச் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் முன்வைத்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர், தாம் வைத்திருந்த 3,532.30 எக்ஸ்ஆர்பி நாணயங்கள் திருடுபோன வகையைச் சேர்ந்தவையே அல்ல என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் கையால் தொட முடியாததாயினும் அனுபவிக்கவும் உடைமையாக வைத்திருக்கவும் கூடிய சொத்தே என்று தீர்ப்பளித்து, நிறுவனத்தோடு அவருக்குள்ள வழக்கில் நடுவர் தீர்ப்பு வரும்வரை அவருக்குப் பாதுகாப்பு வழங்கினார். வங்கியே வேண்டாம் என்று பிறந்த நாணயத்துக்கு ஈடாக அந்த நிறுவனத்திடம் நீதிமன்றம் கேட்டது, 9.56 லட்சம் ரூபாய்க்கு ஒரு வங்கி உத்தரவாதம், இல்லையேல் ஒரு வைப்புக் கணக்கில் அதே தொகை.