நாலு வருஷ வேலையும் நடுக்கடல் தீவும்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் விடியற்காலையில் பசங்க ஓடுவதைப் பார்க்கலாம். 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். விமானப்படை ஏர்மேன் தேர்வுக்கான ஓட்டம். மன்னிக்கவும், 2022-இல் இருந்து அதன் பெயர் அக்னிவீர்வாயு. பெயர் மட்டுமா மாறியது? முன்பு ஏர்மேனாகச் சேர்ந்தால் 20 வருஷ வேலை, பிறகு பென்ஷன். இப்போது பயிற்சிக்காலத்தையும் சேர்த்து நாலே வருஷம். நூறில் 25 பேர் வரை தொடரலாம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"சும்மா இருக்கிற பையனுக்கு வேலை, வெளியே வரும்போது கையில் பத்து லட்சம், இதில் என்ன குறை?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் கணக்கு பார்க்கட்டும். முதல் வருஷச் சம்பளம் மாதம் 30,000. அதில் 9,000 பிடித்தம். நாலு வருஷத்தில் இப்படிப் பிடிப்பது 5.02 லட்சம். அரசு போடுவது இன்னொரு 5.02 லட்சம். ஆக, பத்து லட்சத்தில் பாதி அவன் சம்பளமேதான்! பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, மணலியில் ஒரு கம்பெனி இத்தனை வருஷம்தான் என்று எழுதி ஆள் எடுத்தால்கூட, ஒரு வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டம் போட்ட அரசு, தன் படையில் சேரும் பையனுக்கு மட்டும் கொடுக்காதாம்.

சரி, அந்தச் சம்பளத்துக்கு வேலை எங்கே? எங்கே வேண்டுமானாலும். உதாரணத்துக்கு கார் நிக்கோபார். சென்னையில் இருந்து சுமார் 1,400 கிலோமீட்டர். சுமத்ரா 500 கிலோமீட்டருக்குள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் போட்ட ஓடுதளம். எரிபொருள் நிரப்புவது, சரக்கு ஏற்றி இறக்குவது, வயர்லெஸ், வானிலை, தீயணைப்பு.. சினிமா வீரம் எதுவும் இல்லை. ஆனால் இதில் ஒன்று பிசகினால் விமானம் கிளம்பாது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தத் தளத்தில் விமானப்படையினரும் குடும்பத்தினருமாக நூறு பேருக்கு மேல் செத்தார்கள். மிச்சமிருந்த ஓடுதளத்தில் அன்றைக்கே மீட்பு விமானம் இறங்கியது. முந்தின நாள் கூட இருந்தவர்களைப் பறிகொடுத்தவர்கள்தான் மறுபடி வேலையில் நின்றார்கள்.

தீவுக்குப் போகிற வழி மட்டும் என்ன? 2016 ஜூலை 22, தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 வங்கக்கடலில் காணாமல் போனது. 29 பேர். சென்னையில் இருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடந்ததாக அறிவிப்பு வந்தபோது 2024 ஜனவரி ஆகிவிட்டது. ஏழரை வருஷம்!

அக்னிவீர் பணியில் இறந்தால் 48 லட்சம் இன்ஷூரன்ஸ், 44 லட்சம் கருணைத்தொகை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மாதாமாதம் வரும் குடும்ப பென்ஷன்தான் இல்லை. அதே விமானத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் பழைய ஏர்மேனின் வீட்டுக்கு அது உண்டு. விழுந்தால் இரண்டு பேரும் ஒரே கடலில்தானே விழுவார்கள்? எண்ணூரில் இருக்கும் பையனின் அம்மாவிடம் யாராவது போய் இந்த வித்தியாசத்தை விளக்கட்டும், பார்க்கலாம்.