பந்தி வாளியும் பத்தாம் வகுப்பும்

"பதினாலு தாண்டிருச்சுல்ல, இனிமே சட்டம் ஒண்ணும் கேக்காது." எங்கள் ஊர் திருக்கோகர்ணத்தில் டீக்கடை பெஞ்சிலும் இதைக் கேட்கிறேன், படித்தவர்கள் வீட்டுத் திண்ணையிலும் கேட்கிறேன். முழுத் தவறு. இதை நம்பித்தான் முகூர்த்த நாள் வந்தால் நம் பிள்ளைகளைக் கேட்டரிங் வேனில் ஏற்றி அனுப்புகிறோம்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு. முதல் நாள் சாயங்காலமே வேன் வந்துவிடும். ரிசப்ஷன் பந்தி ஓய இரவு பதினொன்றாகும். எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, மண்டபத்து ஜமுக்காளத்தில் கண்ணயர்ந்தால் விடியுமுன்னே எழுப்பிவிடுவார்கள், டிபனுக்கு இலை போட. போன ஆவணியில் சாம்பார் வாளி சாய்ந்து மணிக்கட்டில் தோல் உரிந்துவிட்டது. அதன்மேல் பற்பசையைத் தடவியிருந்தான். "வலிக்கலையாடா?" என்றேன். "பந்தி ஓடுறப்ப தெரியல மாமா" என்றான்.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றியே பேசியது. ஊர்ப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களையும் வளரிளம் பருவத்தினர் என்று சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான ஆலை வேலைகள் 18 வயது வரை அறவே கூடாது. நம் மாவட்டத்துக் கல்குவாரிகளுக்கும் இது பொருந்தும். மீறி வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. மற்ற வேலைகளில் ஒரே மூச்சாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பிறகு 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கூடாது.

ரிசப்ஷன் பந்தியும் முகூர்த்த டிபனும் எத்தனை மணிக்கு நடக்கின்றன? அந்தப் பையன் பார்க்கிற வேலையில் பெரும்பகுதி தடைசெய்த நேரத்திலேயே நடக்கிறது.

"வேலைக்குப் போனாத்தான் பொறுப்பு வரும். நாங்கல்லாம் அப்படித்தான் வளந்தோம்" என்பார்கள். பகலில் பார்த்தாலும் பொறுப்பு வருமே! ராத்தூக்கம் கெட்டு மறுநாள் கணக்கு வகுப்பில் தலை சாய்கிறவனுக்கு என்ன பொறுப்பு வருகிறது? காசு இல்லாத வீட்டை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தாய்க்கு அவன் கொண்டுவரும் நோட்டுகள் தேவைப்படுகின்றன. பெரிய ஆளைவிடக் குறைந்த கூலிக்கு, எதிர்த்துப் பேசாத கை கிடைக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வருகிற ஏஜென்ட்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டம் வழியை அடைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமா, மதியப் பந்திக்கு மட்டும் கூப்பிடுங்கள். ஒன்பது மணிக்கு வரட்டும், நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடட்டும், மூன்று மணிக்குக் கூலியை எண்ணிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு அந்த வேன் வர வேண்டாம்.