கடைசி இரவில் எழுதப்படும் முதல் பக்கங்கள்

போன மாதம் கிளிநொச்சியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நாங்கள் மூன்று பேர் இரவு ஒன்பது மணிவரை இருந்தோம். தெரிந்த அக்கா ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியை, தன்ர முதுகலைமாணி ஆய்வேட்டை அடுத்த நாள் பைண்டிங்குக்குக் கொடுக்கவேணும். இயல்கள் ஐந்தும் முடிந்து கனநாள். மிச்சமிருந்தது முன்பக்கங்கள்தான்: தலைப்புப் பக்கம், உறுதிமொழி, ஆய்வுச் சுருக்கம், நன்றியுரை, பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல். "அது சும்மா ஃபோர்மட்தானே, அரை மணித்தியாலத்தில முடிச்சிடலாம்" என்று சொல்லித்தான் தொடங்கினோம். நாலு மணித்தியாலம் போனது.

நேரத்தைத் தின்றது பக்க எண். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதலாம் இயலில் இருந்து 1, 2, 3. ஏன் இப்படி? ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நூலின் உடலை முதலில் அடித்துவிடுவார்கள். முன்னுரையும் பொருளடக்கமும் கடைசியில்தான் வரும். அவை எத்தனை பக்கம் என்று முன்கூட்டித் தெரியாததால் அவற்றுக்குத் தனி எண்வரிசை வைத்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் நிற்கிறது. வேர்டில் இதைச் செய்வது பத்து நிமிட வேலை. முதலாம் இயலுக்கு முன் ஒரு 'செக்‌ஷன் பிரேக்' போட்டு, இரண்டாம் பகுதியில் 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை நிறுத்தினால், இரண்டு பகுதிக்கும் வேறு வேறு எண் கொடுக்கலாம். தலைப்புகளுக்கு 'ஹெடிங் ஸ்டைல்' கொடுத்திருந்தால் பொருளடக்கம் தானாகவே வரும். நாங்களோ புள்ளி புள்ளியாகக் கையால் அடித்துக்கொண்டிருந்தோம். ஒரு பந்தி நகர எல்லா எண்ணும் பிழைத்தது. போதாததற்கு ஆய்வுச் சுருக்கம் பாமினி எழுத்துருவில் இருந்தது. கடைக் கணினியில் பாமினி இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை.

இதெல்லாம் முடிய, உறுதிமொழிக்கும் நன்றியுரைக்கும் கால் மணித்தியாலம்தான் மிச்சம். எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பழைய ஆய்வேடு ஒன்றின் கோப்பைத் திறந்து கொப்பி பண்ணினோம். அச்செடுக்கப் போகிற நேரம் ஒருத்தி கண்டாள்: உறுதிமொழிக்குள் மற்ற ஆளின்ர தலைப்பு அப்படியே கிடக்கிறது. முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. "இது என் சொந்த ஆக்கம்" என்று கையெழுத்து வைக்கும் பக்கத்தையே நாங்கள் களவெடுத்திருக்கிறோம்.

எங்கட குற்றச்சாட்டு எங்கள் மேலேயேதான். முன்பக்கங்களில் ஓரத்துக்கும் எண்ணுக்கும் நாலு மணித்தியாலம் கொடுக்கிறோம். அதற்குள் என்ன சொல்கிறோம் என்பதற்குக் கால் மணித்தியாலமும் இல்லை.

இது வெளியிலிருந்து வந்த வெறும் சடங்கு என்று நினைத்தால் அதுவும் பிழை. தமிழில் இதற்குப் பழைய பெயர் பாயிரம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பாயிரத்தில் எட்டு விடயம் வரவேண்டும் என்கிறது: ஆசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்களும் உண்டு. எவ்வளவு பெரிய நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே இல்லை என்கிறார். இன்றைய தலைப்புப் பக்கமும் ஆய்வுச் சுருக்கமும் கிட்டத்தட்ட அதே கேள்விகளுக்குத்தான் பதில் சொல்கின்றன.

அந்தப் பட்டியலில் எங்களை நிறுத்தியது 'களம்'. நன்னூலில் அது நூல் அரங்கேறிய சபை. எங்களுக்குக் களம் என்றால் வேறு: வெயிலுக்குள் சைக்கிளில் போய், ஆற்றையோ வீட்டு விறாந்தையில் இருந்து, தேத்தண்ணி குடித்துக் கதை கேட்ட இடம். அக்காவின் ஆய்வு மீள்குடியேறிய ஒரு கிராமத்துப் பெண்களின் தொழில் பற்றியது. நன்றியுரையில் பேராசிரியர்கள், அதிபர், நூலகர் என்று பதினான்கு பெயர். அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு வரி: "தகவல் வழங்கிய அனைவருக்கும்."

அவர்களின் பெயரையும் போட்டால் சரியா? வன்னியில் அது லேசான கேள்வி இல்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தை யோசித்துப் பாருங்கோ. ஆணைக்குழுவுக்கும், ஊடகத்துக்கும், எங்களைப்போல் ஆய்வுக்கு வந்தவர்களுக்கும் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்ன தாய்மார் அவர்கள். சிலர் தங்கட பெயர் பதிவாக வேண்டும் என்பார்கள். சிலருக்குப் பெயர் வெளியில் வந்தாலே பயம். ஆகவே கேட்கவேணும். கேட்காமல் போடுவதும் பிழை, கேட்காமல் விடுவதும் பிழை.

அந்த இரவே அக்கா ஒரு அம்மாவுக்குப் போன் எடுத்தா. "என்ர பேரைப் போடாத பிள்ளை. ஊரைப் போடு. நாங்கள் காடு வெட்டித் திரும்ப எழுப்பின ஊர்" என்று அவ சொன்னா. அந்த ஒரு வரிக்காக நன்றியுரை முழுவதும் திரும்ப எழுதப்பட்டது. யார் என்று காட்டாமல், அவர்கள் என்ன தந்தார்கள் என்று சொல்லியது. எத்தனை பேர், எத்தனை பின்னேரங்கள், எதைக் கற்றுத்தந்தார்கள் என்று.

"துறை ஒரு ஃபோர்மட் தந்திருக்கு, அதை மீற ஏலாது" என்று சிலர் சொல்வீர்கள். உண்மை. ஆனால் அந்த வழிகாட்டி ஓரம் எவ்வளவு, எழுத்து எத்தனை புள்ளி என்றுதான் சொல்கிறது. கொப்பி பண்ணு என்று எங்கேயும் சொல்லவில்லை.

எங்களுக்கும் அடுத்த வருடம் இறுதியாண்டு ஆய்வு வருகிறது. அதற்கு நாங்கள் எங்களுக்குள் மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். ஒன்று, முதல் நாளே கோப்பை ஒழுங்காக அமைப்பது, முழுக்க யுனிகோட்டில் அடிப்பது. பாமினியில் கிடக்கும் ஆய்வை நாளைக்கு ஒருவரும் தேடி எடுக்க ஏலாது. இரண்டு, களத்துக்குப் போகும் நாளிலேயே நன்றியுரைக்கு ஒரு பக்கம் திறந்து, பெயர் போடலாமா என்று அங்கேயே கேட்டு எழுதுவது. மூன்று, ஆய்வு எந்த மொழியில் இருந்தாலும் சுருக்கத்தைத் தமிழில் எழுதி, அச்செடுத்து, கதை தந்தவர்களின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது.

இருநூறு பக்கத்தையும் அவர்கள் வாசிக்கப்போவதில்லை. அந்த ஒரு பக்கத்தைக் கட்டாயம் வாசிப்பார்கள். அதைக் கடைசி இரவுக்கு விடாதீங்கோ.