கூலி கேட்டால் குருகுலம் என்கிறார்கள்

"வக்கீல் தொழில்ல மொதல் அஞ்சு வருசம் காசைப் பார்க்கக் கூடாது. ராத்திரி பகல் பார்க்காம உழைக்கணும். அப்பத்தான் தொழில் வரும்." சட்டக் கல்லூரி விழாக்களிலும் பார் அசோசியேசன் கூட்டங்களிலும் சலிக்காமல் ஓதப்படுகிற மந்திரம் இது. கேட்பதற்கு நல்ல உபதேசம் போலத்தான் இருக்கும். ஒரேயொரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்: அந்த அஞ்சு வருசம் சோறு யார் போடுவது? உபதேசம் செய்கிறவருக்கு அவருடைய அப்பா போட்டார், மாமனார் போட்டார், மயிலாப்பூரிலோ அண்ணா நகரிலோ இருந்த வீட்டு வாடகை போட்டது. எங்கள் பிள்ளைக்கு யார் போடுவது? செங்கல் சூளையில் கல் அறுக்கிற அம்மாவா, கரும்பு வெட்டப் போகிற அப்பாவா?

நான் வக்கீல் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட சனங்களைக் கூட்டிக்கொண்டு கோர்ட் வராந்தாக்களில் பல வருசமாகக் காத்துக் கிடக்கிறவன். அங்கே எனக்குப் பேச்சுத்துணை ஜூனியர்கள்தான். அவர்கள் சொன்னதையும் நான் கண்ணால் பார்த்ததையும் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஜூனியரின் நாள் இது. ஊர் அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம். சென்னையில் ரூம் தேடினபோது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். அதனால் விடியற்காலை மின்சார ரயில். எட்டு மணிக்கு சீனியர் வீட்டில் நிற்க வேண்டும். காஸ் லிஸ்ட் பார்த்து, கேஸ் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துக் காரில் ஏற்ற வேண்டும். பத்தரைக்குக் கோர்ட். ஒரு ஹாலில் பாஸ் ஓவர் கேட்க வேண்டும், இன்னொரு ஹாலில் வாய்தா வாங்க வேண்டும், நடுவில் செக்‌ஷனுக்கு ஓடி ரிட்டர்ன் ஆன பேப்பரைச் சரிபண்ணிப் போட வேண்டும். சாயங்காலம் தம்புச் செட்டித் தெரு ஆபீஸ். கட்சிக்காரர்கள் வந்து பேசிவிட்டுப் போனபிறகு அஃபிடவிட் எழுதுகிற வேலை ஆரம்பிக்கும். பத்து மணிக்குமேல் கடைசி ரயிலைப் பிடிக்க ஓட்டம். 14 மணி நேரம். மாசக் கடைசியில் கையில் விழுவது ஐயாயிரம் ரூபாய். அதையும் சம்பளம் என்று சொல்லக் கூடாதாம். "செலவுக்கு வச்சுக்கோப்பா" என்று கொடுப்பார்கள். எங்க தாத்தனுக்குப் பண்ணையார் வீட்டில் பொங்கலுக்கு வேட்டி கொடுத்த மாதிரி.

நேரம் மட்டுமென்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சேம்பருக்குள் வேலை எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். சீனியருடைய சிநேகிதர் மகனும் அதே வருசம்தான் என்ரோல் ஆகியிருப்பான். அவன் மூன்றாம் மாசத்திலேயே ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்று பேசுவான். நம் பிள்ளை கட்டுத் தூக்குவான், ஜெராக்ஸ் எடுப்பான், வாய்தா வாங்குவான். மூன்று வருசம் கழித்தும் அதேதான். "உனக்கு இங்கிலீஷ் இன்னும் வரணும்" என்பார்கள். அவன் எழுதின பெட்டிஷன்தான் கோர்ட்டில் நிற்கும். அதில் அவன் பேர் இருக்காது. புதுக் கட்சிக்காரர் வந்தால் "தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று ஆரம்பிப்பார். பதிலைக் கேட்டபின் ஃபைலை இன்னொரு ஜூனியரிடம் நீட்டுவார். சீனியர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். ஒரு தங்கச்சி சொன்னாள்: "ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸ்ல இருந்து கிளம்புறப்ப, அடுத்த தெருவுல வீடு இருக்கிற பொண்ணைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போவாங்கண்ணே. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவேன். வீட்ல 'இந்த வேலைக்கு வயக்காட்டுக்கே போயிருக்கலாம்'னு எங்க அம்மா அழுவா." வயக்காட்டில் பொழுது சாய்ந்தால் கரையேறிவிடலாம். கூலியும் அன்றைக்கே கைக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1947ஆம் வருசத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்படி ஜவுளிக்கடையில் துணி எடுத்துப்போடுகிற பெண்ணுக்கு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. முதலாளி மதிக்கிறானோ இல்லையோ, மீறினால் கேட்பதற்கு ஒரு ஏட்டுச்சட்டமாவது இருக்கிறது. வக்கீல் ஆபீசுக்கு? கேரளத்தில் இதேபோன்ற சட்டம் வக்கீல்கள் நடத்துகிற நிறுவனத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி சசிதரன் வழக்கில் வந்தது. பொருந்தாது, அது வணிக நிறுவனமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் புனிதமானது, வியாபாரம் ஆகாது. சரி, புனிதத்துக்குள் வேலை நேரம் நுழையாது, கூலி நுழையாது, லேபர் இன்ஸ்பெக்டரும் நுழைய மாட்டார். புனிதம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் அதற்குப் பின்னால் யாரோ ஒருத்தன் ஓசியில் உழைத்துக்கொண்டிருக்கிறான் என்பது நமக்குப் பழைய பாடம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருமையான தீர்ப்பு. கொத்தடிமை வழக்குகளில் சீனியர்கள் அதை எடுத்துக்காட்டி முழங்குவார்கள். அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்து, கோடு போட்டு, நகலெடுத்து, கட்டில் சேர்த்துக் கொடுத்தது யார்? கூலியில்லாத ஜூனியர்.

கூலி கேட்டால், "இது குருகுலம் மாதிரி, கத்துக் கொடுக்கிறோமே" என்கிறார்கள். குருகுலத்தில் நமக்கு எந்த இடம் இருந்தது என்று ஊருக்கே தெரியும். கற்றுக்கொடுப்பது உண்மையென்றால் எழுந்து நின்று வாதாட விடுங்கள், பெயரைப் போடுங்கள். பத்து வருசம் ஜெராக்ஸ் எடுப்பதில் என்ன சாஸ்திரம் இருக்கிறது?

"அப்ப பெரிய சட்ட நிறுவனங்களுக்குப் போகட்டுமே, அங்கே நல்ல சம்பளம்தானே" என்பார்கள். பம்பாய், டெல்லி, பெங்களூர், சென்னை என்று கிளை பரப்பிய நிறுவனங்கள். நல்ல சம்பளம்தான். ஆனால் ஆள் எடுப்பது பெரும்பாலும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில். வருசத்துக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ், நுழைவுத் தேர்வுக்குத் தனி கோச்சிங், இங்கிலீஷ் பேசுகிற தோரணை. இதையெல்லாம் தாண்டி உள்ளே போன நம் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேரை எனக்குத் தெரியும். அங்கேயும் நடுராத்திரி வரை வேலை. ஒவ்வொரு ஆறு நிமிசத்தையும் எந்தக் கட்சிக்காரர் கணக்கில் எழுதுவது என்று தாள் நிரப்ப வேண்டும். வக்கீல் முழுநேரச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் தாளில் அவர்கள் 'ஊழியர்' இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, லீவு என்று எதையும் உரிமையாகக் கேட்க முடியாது.

இந்த நிறுவனங்களில் 'வேலைத் திருப்தி' இல்லை, இளம் வக்கீல்கள் சலித்துப்போய் இரண்டு மூன்று வருசத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் கவலைப்படுகின்றன. படிக்கிறபோது எனக்கு வயிறு எரிகிறது. சலிச்சுப்போய் விட்டுட்டுப் போறதுக்கும் பின்னால ஒரு வீடு வேணுமய்யா. விட்டவன் லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போவான், அப்பா கம்பெனியைப் பார்ப்பான். படிப்புக் கடனைக் கட்டிக்கொண்டு, தம்பி ஃபீசையும் கட்டிக்கொண்டு இருக்கிற சேரிப் பிள்ளை எங்கே போவான்? அவனுக்குச் சலிக்க உரிமை இல்லை. 'திருப்தியா இருக்கியா' என்று அவனை யாரும் கேட்பதும் இல்லை. 'இங்க வந்ததே பெரிசு' என்பதுதான் அவனுக்கான பதில்.

பாபாசாகேப் 1923இல் பம்பாய் ஐகோர்ட்டில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கினார். கொலம்பியாவும் லண்டனும் பட்டம் கொடுத்த ஆள். அங்கே சொலிசிட்டர்கள் கையில்தான் வழக்குகள். தீண்டத்தகாதவனுக்கு வழக்கு கொடுக்க அவர்கள் முன்வரவில்லை. பிழைப்புக்காக 1925 முதல் 1928 வரை ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் பாடம் நடத்தினார். அவ்வளவு படித்த அவருக்கே அந்தக் கதி. திறமை இருந்தால் மேலே வந்துவிடலாம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இது ஏதோ சில வக்கீல் பிள்ளைகளின் சம்பளப் பிரச்சினை, இயக்கத்துக்கு இதில் என்ன வேலை என்று தோழர்கள் நினைக்கலாம். எல்லா வேலையும் நமக்கு இதில்தான் இருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதி நியமனத்தில் இடஒதுக்கீடு கிடையாது. பெரும்பாலும் நீண்டகாலம் தொழில் செய்த, நல்ல வருமானமுள்ள வக்கீல்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறார்கள். 2018 முதல் 2023 ஜூலை வரை நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் 604 பேரில் பட்டியல் சாதியினர் 18 பேர், பழங்குடியினர் 9 பேர், பொதுப் பிரிவினர் 458 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. மற்ற 119 பேர் எங்கே தொலைந்தார்கள் என்று கேட்காதீர்கள், நான் பார்ப்பது அந்த 18ஐத்தான். இந்த 18 என்ற எண் கொலீஜியத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. இருபது வருசத்துக்கு முன்னால் ஒரு சேம்பரில் சோத்துக்கு வழியில்லாமல் தொழிலை விட்டுப்போன பிள்ளையிடத்தில் தொடங்குகிறது.

விட்டுப்போனவர்கள் எங்கே? ஒருத்தர் குரூப் 4 எழுதி வி.ஏ.ஓ. ஆனார். ஒருத்தர் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் ரியல் எஸ்டேட் பார்க்கிறார். அவர்கள் பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். நட்டம் சனங்களுக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் வருச விதிகள் 4(5)இன்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வக்கீல் ஒருவரை வழக்கு நடத்த நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்கப் போகிறபோது "யாரைப் போடணும், பேர் சொல்லுங்க" என்பார்கள். அனுபவமுள்ள நம் ஆள் பெயர்களை விரல்விட்டு எண்ணுவதற்குள் விரல் மிச்சமாகிவிடும். 1997 மேலவளவுப் படுகொலை வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததற்குப் பின்னால் பொ. இரத்தினம் போன்ற வக்கீல்களின் பல வருசப் பிடிவாதம் இருந்தது. அந்தப் பிடிவாதத்தோடு தொழிலில் நிற்க அடுத்த தலைமுறைக்கு நாம் என்ன ஏற்பாடு செய்தோம்?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும், அதற்குச் சுற்றறிக்கை அனுப்பு என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அந்த அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று எழுதியது. ஆனால் கட்டாயமில்லையாம், பரிந்துரையாம்! அதே வருசம் ஜூலையில், என்ரோல்மெண்டுக்குப் பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேலே வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதுவரை மாநில பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் கறந்துகொண்டிருந்தன. வாசல் கட்டணம் குறைந்துவிட்டது, நல்லது. உள்ளே போனபிறகு சோறு?

சின்ன சீனியர்கள் பலரும் வாடகைக்கே திண்டாடுகிறார்கள், அவர்கள் எப்படி 20,000 கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அரசாங்கம் இருக்கிறது. ஆந்திராவில் 2019இல் ஜூனியர்களுக்கு முதல் மூன்று வருசம் மாதம் 5,000 ரூபாய் என்று அரசே திட்டம் கொண்டுவந்தது. தொகை போதாது, ஆனால் கொடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. ஒரு ஆஜருக்கு லட்சங்களில் வாங்குகிறவர்கள் இந்தச் சின்ன சீனியர்களின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது.

நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பேர் வாங்கின சீனியர்கள் சிலருடைய ஆபீசிலும் இதே கதைதான். "நானும் இப்படித்தாம்பா வந்தேன்" என்கிறார்கள். நீங்க பட்ட பாட்டைப் பிள்ளைகளுக்குச் சீதனமா கொடுக்கணுமாண்ணே? 2023 ஜூலையில், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படம் கூடாது என்று சுற்றறிக்கை வந்தபோது அம்பேத்கர் படத்துக்காகத் தமிழகம் முழுக்கக் கொதித்தோம். கொதித்தது சரி, இன்னொரு தடவை வந்தாலும் கொதிப்போம். அந்தப் படத்துக்குக் கீழே காலையிலிருந்து ஒரு டீயோடு கேஸ் கட்டுடன் நிற்கிற பிள்ளைக்காக ஒரு ஆர்ப்பாட்டமாவது நடத்தினோமா?

வேண்டியவை இவைதான். உதவித்தொகையைப் பார் கவுன்சில் கட்டாயமாக்க வேண்டும், கொடுக்காத சீனியர் மீது புகார் சொன்னால் புகார் சொன்னவர் பெயர் வெளியே போகக் கூடாது. முடியாத சீனியர்களின் ஜூனியர்களுக்கு அரசு கொடுக்க வேண்டும். ஜூனியர் எழுதின மனுவில் ஜூனியர் பெயர் இருக்க வேண்டும். மூத்த வக்கீல் பட்டம் கேட்டு விண்ணப்பிக்கிறவர் தன்னிடம் எத்தனை தலித், பழங்குடி ஜூனியர்கள் இருந்தார்கள், என்ன கொடுத்தார் என்று எழுதிக் காட்ட வேண்டும். நம் இயக்கங்களும் கட்சிகளும் வக்கீல் அணி வைத்திருப்பது மேடையில் சால்வை போட மட்டுமென்றால் கலைத்துவிடலாம். இல்லையென்றால், அடுத்த மாநாட்டுத் தீர்மானத்தில் ஜூனியர் கூலியை முதல் வரியாக எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் ஜூனியருக்கு இந்த மாசத்துக் கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.