பரீட்சைக்கு வராத பாடம்

 

பதிவு கொஞ்சம் நீளம். பதுளை, பசறை, ஹாலி-எல, மடுல்சீமை பக்கத்து உறவுகள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழும்பிக் கேட்டார்: "சேர், மழை விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வேலியோரத்தில் காளான் காட்டினீங்களாமே. இது பரீட்சைக்கு வருமா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். அன்று சொல்லாத பதில் இதுதான்.

பரீட்சைக்கு வந்தால் இரண்டு புள்ளிக்கு வரும். பங்கசு என்றால் என்ன, மதுவம் பாண் மாவை எப்படிப் பொங்க வைக்கிறது, பெனிசிலின் எதிலிருந்து வந்தது, அவ்வளவுதான். ஆனால் தோட்டத்தில் ஒரு சட்டிக் கறிக்கு முன்னால் அந்த இரண்டு புள்ளி உதவாது.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை பல நாட்கள் வரவில்லை. தாய் பற்றைக்குள் காளான் பறித்திருக்கிறார். சட்டிக்குள் வெள்ளிக் கொலுசைப் போட்டுப் பார்த்திருக்கிறார். கொலுசு கறுக்கவில்லை. இரவு குடும்பமே சாப்பிட்டது. விடியச் சாமம் வாந்தி, வயிற்றோட்டம். "கொலுசு கறுக்கலையே, இது வேற ஏதோ" என்று பகல் முழுக்கக் கொத்தமல்லி அவித்துக் குடித்திருக்கிறார்கள். பின்னேரம்தான் த்ரீவீல் பிடித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் பிழைத்தார்கள்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தோமா? கொலுசுக் கதையை வட்ஸ்அப்பில் பரப்பினோமே தவிர, அது பொய் என்று ஒருவரும் போய்ச் சொல்லவில்லை.

இனி வரலாற்றைப் பாருங்கள். பங்கசு நமக்குச் சம்பந்தமில்லாத விடயமா?

கோப்பியை அழித்த துரு நோய் இலங்கையில் முதன்முதல் கண்ணில் பட்டது 1869இல், நமது மடுல்சீமையில். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்ற அறிஞர் அதற்குப் பெயர் வைத்தார். 1880இல் மாஷல் வோட் என்ற இளம் விஞ்ஞானி வந்து, நோயின் வித்திகளைக் காற்று கொண்டு போகிறது, ஈர இலையில் அவை முளைக்கின்றன, மலை முழுக்க ஒரே பயிரை நட்டதே அதற்கு வசதி என்று எடுத்துக் காட்டினார். கோப்பி போனது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தோட்டத்து மக்களின் வாழ்க்கை தேயிலையோடு கட்டுப்பட்டது. அவர்களை நம்பித்தான் பதுளை பஸாரில் நம்மவர்களின் கடைகளும் வளர்ந்தன. ஒரு பங்கசு நமது பாட்டன்மாரின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. அதன் பெயர்கூட நமது பிள்ளைகளுக்குத் தெரியாது.

பிறகு பேராதனைக்கு டொம் பெச் வந்தார். 1923இல் தேயிலை நோய்கள் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரும் அவர்தான். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் வோட்டின் அறிக்கையும் சரி, பெச்சின் புத்தகமும் சரி, ஆங்கிலத்தில் துரைமாருக்காக எழுதப்பட்டவை. 1946இல் கொப்புள நோய் இங்கு வந்தது. இளங்கொழுந்தில் முதலில் சின்னப் புள்ளி, பிறகு இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம். அதை முதலில் காண்பது யார்? மலையில் கொழுந்து பறிக்கும் பெண்தான். கண்டது அவள் கண், அறிவு போனது பங்களாவுக்கு. செடிக்கு வந்த பங்கசுக்கு விஞ்ஞானி வந்தார். லயத்துச் சட்டிக்கு வந்த பங்கசுக்கு வந்தது கொலுசுக் கதை மட்டும்.

வெளிநாட்டில் இதையே ஒரு பொதுப்பணியாகச் செய்கிறார்கள். பிரித்தானியாவில் 1896இல் ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து பங்கசுக் கழகம் தொடங்கினார்கள். சிலியில் ஜூலியானா ஃபூர்சி என்ற பெண் 2012இல் பங்கசுக்களுக்கென்றே ஓர் அமைப்பு வைத்தார். நமது நாட்டிலும் அழகான காளான் படம் போடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: படம் நல்லது, தம்பி. ஆனால் அது தமிழில் வந்து, லயத்தில் போய்ச் சேராவிட்டால் அரைவாசி வேலைதான். படத்தைப் பார்த்தும், போன் செயலியை நம்பியும் யாரும் காளான் பறிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வாதமும் வரும். நபி (ஸல்) அவர்கள் காளானைச் சிறப்பித்துச் சொன்னார்களே என்று. ஹதீஸில் வருவது 'கம்ஆ', பாலை மண்ணுக்குள் விளைவது. நமது பற்றைக் காளானுக்கு அதை ஆதாரமாகக் காட்டுவது மார்க்கமும் அல்ல, அறிவும் அல்ல.

தோட்டத்து மூத்தவர்களுக்குப் புற்றுக் காளான் தெரியும். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களோடு மலைக்குப் போய்ப் பழகாத பேரப்பிள்ளை, நினைவை மட்டும் வைத்துப் பறிப்பது ஆபத்து.

ஆகவே இதை மட்டும் மனதில் வையுங்கள்:

1. வெள்ளி கறுப்பது, பூண்டு நிறம் மாறுவது, பூச்சி தின்றிருப்பது, இவை எதுவும் சோதனை அல்ல. எல்லாம் பொய்.

2. அவித்தால் விஷம் போய்விடும் என்பதும் பொய். மிகக் கொடிய விஷம் கொதியிலும் போகாது.

3. உயிரை எடுக்கும் வகை உடனே காட்டாது. 6 முதல் 24 மணித்தியாலம் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். இடையில் சுகமானது போல ஒரு நாள் இருக்கும். அந்த நேரத்தில் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். ஏமாறாதீர்கள்.

4. சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம். மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும்.

5. உறுதியாகத் தெரியாததைத் தின்னாதீர்கள். ஆசையென்றால் கடையில் விற்கும் வளர்ப்புக் காளான் இருக்கிறது.

ஒக்டோபர் மழை தொடங்குமுன் இந்த ஐந்தையும் ஒவ்வொரு பாடசாலையிலும் காலைக் கூட்டத்தில் வாசிக்க எத்தனை நிமிடம்? மூன்று. தோட்ட டிஸ்பென்சரிக் கதவிலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒரு தாள் ஒட்ட எவ்வளவு செலவு? பத்து, இருபது ரூபா. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. அங்கே படிக்கும் நமது பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை லயத்துக்கு வரட்டும். தேநீர் என் செலவு.

அந்த வாப்பாவுக்கு: காக்கா, உங்கள் மகன் அன்று வேலியோரத்தில் என்னிடம் கேட்டான், "சேர், கொலுசு கறுக்காட்டியும் விஷம் இருக்குமா?" என்று. இருக்கும் என்றேன். அவன் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தால், என் பாடம் முடிந்தது. புள்ளி வேண்டாம்.

கொலுசு வீடியோ உங்கள் குழுவில் வந்தால் அழியுங்கள். அதற்குப் பதில் இதைப் பகிருங்கள்.