பரம்பரைப் பாலிப் நோயும் முழுமையான பரிசோதனையும்

பெருங்குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சதைமுளைகள் நூற்றுக்கணக்கில், சிலரிடம் ஆயிரக்கணக்கில் தோன்றும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. தக்க காலத்தில் சிகிச்சை செய்யாவிடின், இந்நோய் கண்டோரில் ஏறக்குறைய அனைவருக்கும் குடற்புற்று உண்டாகிறது. பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டியே அது தலைகாட்டுகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், குழந்தை ஒவ்வொன்றிற்கும் அது இறங்குவதற்கான வாய்ப்பு சரிபாதியாகும். எனவே, எக்குழந்தைக்கு நோய் இறங்கியுள்ளது, எக்குழந்தைக்கு இல்லை என்று கூறும் பரிசோதனை அறிக்கை அரைகுறையாக இருத்தலாகாது.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது, ஐந்தாவது குரோமோசோமில் அமைந்த ஏ.பி.சி. என்னும் ஜீனில் நேரும் பழுதாகும். 1986-ல் இந்நோய் கொண்ட ஒருவரிடம் அக்குரோமோசோமின் ஒரு பகுதியே இல்லாதிருந்தமை கண்டறியப்பட்டது. அக்குறிப்பைப் பின்பற்றியே 1991-ல் ஜீனும் அடையாளம் காணப்பெற்றது. இழப்பொன்றின் வாயிலாக வெளிப்பட்ட இந்த ஜீனைச் சோதிக்கையில் இழப்புகளையே தேடாது விடுதல் விந்தையே.

எழுத்தெழுத்தாக டி.என்.ஏ.வைப் படிக்கும் வழக்கமான முறை இவ்விழப்புகளைக் காண இயலாமைக்குக் காரணம் எளிது. ஒவ்வொருவரிடமும் ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதிகள் உள்ளன. ஒரே நூலின் இரு பிரதிகளைக் கலந்து வைத்து அச்சுப்பிழை தேடும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். ஒரு பிரதியில் பத்துப் பக்கங்கள் கிழிந்து போயிருப்பினும், மற்றதன் பக்கங்கள் அவர் கைக்குக் கிட்டுகின்றன. அவரும் பிழையில்லை என்றே எழுதிவிடுவார். பக்கங்களை எண்ணினால் அன்றி இக்குறை புலப்படாது.

அவ்வாறு எண்ணும் முறைகளுள் ஒன்று எம்.எல்.பி.ஏ. என்பதாகும். 2002-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதனை வெளியிட்டனர். ஜீனின் பகுதி ஒவ்வொன்றிலும் பொருந்தும் குறுந்துண்டுகள் அடுத்தடுத்து ஒட்டி, ஒன்றாக இணைந்து, பின்னர் பெருக்கப்படுகின்றன. நலமுடையோரின் அளவு 1 எனக் கொண்டால், ஒரு பிரதியில் அப்பகுதி இழக்கப்பட்டிருப்பின் அளவு 0.5 ஆகவும், இரட்டித்திருப்பின் 1.5 ஆகவும் அமையும். இந்நோயுடைய குடும்பங்களுள் சுமார் பத்தில் ஒன்றில் காரணம் இத்தகைய பெரும் இழப்பே என்று அறியப்பட்டுள்ளது. இது புறக்கணிக்கத்தக்க அளவன்று.

இம்முறைக்கும் எல்லைகள் உள. துண்டு ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பினும், அப்பகுதி இழக்கப்பட்டதுபோல் தோன்றக்கூடும். ஆகையால், ஒரே பகுதியின் இழப்பை மற்றொரு முறையாலும் உறுதி செய்தல் வேண்டும். ஜீனை இயக்கும் முகப்புப் பகுதியும் சோதனையில் அடங்குதல் அவசியம். அப்பகுதி மட்டும் இழக்கப்பட்ட குடும்பங்களும் அறியப்பட்டுள்ளன.

இரு சோதனைகளுக்குச் செலவு மிகும் என்பர். இக்காலத்தில் பல சோதனைச் சாலைகள் எழுத்துகளைப் படிக்கும்போதே பிரதிகளின் எண்ணிக்கையையும் கணித்துவிட இயலும் என்பது ஒருபுறமிருக்க, குறை கண்டறியப்படாத குடும்பம் படும் சிரமத்தையும் கணக்கிடுதல் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயது முதற்கொண்டு பிள்ளைகள் அனைவரும் மீண்டும் மீண்டும் குடல் நோக்குச் சோதனைக்கு உட்பட வேண்டியவராகின்றனர். அவருள் பாதிப்பேர்க்கு அது தேவையற்றதாயிருக்கலாம். அதனினும் கொடியது, "பழுது காணப்படவில்லை" என்ற அறிக்கையை நம்பி, நோய் இறங்கிய பிள்ளை கண்காணிப்பினின்றும் விடுவிக்கப்படுவதாகும்.

ஆதலால், எம்முறையால் எப்பகுதிகள் சோதிக்கப்பட்டன, இழப்பும் இரட்டிப்பும் தேடப்பட்டனவா என்பதை ஒவ்வோர் அறிக்கையும் முதற்கண் தெரிவித்தல் வேண்டும். நோயுற்றவரிடம் பழுது இன்னதென்று நிலைநாட்டப்படும் வரை, அவருடைய உறவினர் எவரையும் நோயற்றவர் எனச் சான்றளித்தல் முறையன்று. "இல்லை" என்று எழுதுமுன் முழுவதும் தேடியிருத்தல் சோதனைச் சாலையின் கடமையாகும்.